நாற்பத்தெட்டாவது குறிப்பு

தையல் கம்பெனியில் சூப்பர்வைசருக்கு ஒரே வேலைதான். தைக்கிறவர்களின் முதுகுக்குப் பின்னால் போய் நின்று எட்டிப் பார்க்க வேண்டும். பதினெட்டு வருஷமாக எட்டிப் பார்த்ததில் அவருக்குக் கழுத்தே ஒரு சாண் முன்னால் வந்துவிட்டது.

வீட்டில் அவர் வேறு ஆள். வெயிலில் ஓடும் குட்டி ரோபோ செய்கிறவர்களுக்கென்று இருந்த வாட்ஸ்அப் குழுவில் அவர்தான் தலைமை ஆலோசகர். சட்டையில் குத்திக்கொள்ள பேட்ஜ்கூட உண்டு. இதுவரை நாற்பத்தேழு குறிப்புகள் எழுதியிருந்தார். ‘சோலார் பேனல் தீப்பெட்டி அளவு இருந்தால் போதும்.’ ‘பழைய செல்போனில் அதிர்கிற மோட்டாரைக் கழற்றிக்கொள்ளவும்.’ ‘ஜெம் கிளிப்பை வளைத்தால் கால் தயார்.’ எல்லாம் நல்ல குறிப்புகள்தான். படித்தவர்கள் வீட்டில் ரோபோக்கள் துள்ளின. உபதேசம் செய்தவரின் ரோபோ மட்டும் ஓர் அங்குலம் நகர்ந்து அவர் பார்த்ததில்லை.

குழுவிலிருந்த பல் டாக்டர் இதை மோப்பம் பிடித்துவிட்டார்.

“ஞாயித்துக்கிழமை எல்லாரும் உங்க வீட்டுக்கு வர்றோம். ஓடுச்சுன்னா சரி. இல்லேன்னா அந்த பேட்ஜ என்கிட்ட குடுத்துடுங்க.”

சூப்பர்வைசரும் சும்மா இருக்கவில்லை. தினமும் காலையில் ரோபோவை ஜன்னல் மேடையில் வைத்து, பூதக்கண்ணாடியோடு அதன்மேல் குனிந்து, பஸ் வரும்வரை பார்ப்பார். அது அசையாது. வயரை மாற்றினார், மோட்டாரை மாற்றினார். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்கள். இவருக்குச் சூரியனே கோணலாகிவிட்டது.

“ஏங்க, நான் ஒண்ணு சொல்லட்டுமா?” என்பாள் மனைவி.

“உனக்கு இதெல்லாம் புரியாது, விடு.”

ஞாயிற்றுக்கிழமை பதினோரு பேர் வந்தார்கள். பதினோரு பேரும் ஜன்னல் மேடைமேல் குனிந்தார்கள். ஆளுக்கொரு குறிப்பு சொன்னார்கள். ரோபோ செத்த பல்லிபோலக் கிடந்தது. பத்து நிமிஷம் பார்த்துவிட்டு டாக்டர் கையை நீட்டினார். சூப்பர்வைசருக்கு அழுகையே வந்துவிட்டது. பேட்ஜின் ஊக்கைத் தடவினார்.

“எல்லாரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க. வெயில மறைக்கிறீங்க” என்றாள் மனைவி பின்னாலிருந்து.

தள்ளி நின்றார்கள். ரோபோமேல் வெயில் விழுந்தது. அரை நிமிஷத்தில் அது சிலிர்த்து ஒரு துள்ளு துள்ளியது. பிறகு இன்னொன்று. துள்ளித் துள்ளி மேடையின் ஓரத்துக்குப் போய் விழுந்தது, அங்கே அவள் ஏற்கெனவே நீட்டி வைத்திருந்த உள்ளங்கையில்.

“எப்பவும் இங்கதான் விழும். நீங்க பஸ் ஏறினதும் ஓட ஆரம்பிச்சிடும். தினம் கட்டிலுக்கு அடியிலேர்ந்து எடுத்து வெக்கிறதே எனக்கு வேலையாப் போச்சு.”

யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோரும் சூப்பர்வைசரின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார்கள். டாக்டரும் குலுக்கினார்.

அன்று சாயந்தரமே நாற்பத்தெட்டாவது குறிப்பு வந்தது. ‘ரோபோவின் மேல் நம் நிழல் விழாதபடி தள்ளி நிற்கவும். இது என் நீண்ட அனுபவம்.’ கைதட்டல் படங்கள் குவிந்தன.

மறுநாள் கம்பெனியில், காலர் தைக்கிற பெண்ணுக்குப் பின்னால் போய் நின்று கழுத்தை நீட்டினார். ஊசி இருக்கும் இடம் இருட்டியது. அவள் மிஷினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள்.

“என்னம்மா நின்னுடுச்சு? மிஷின்ல கோளாறா?” என்று கேட்டபடி அவர் இன்னும் கொஞ்சம் குனிந்தார்.