முழங்கை இடிக்கும் பலகை

1.
இந்தக் கதை ஓர் ஒப்பீட்டிலிருந்து வந்தது. வீட்டில் ஆடும் ஆர்கேட் கேம்களுக்குச் சொன்னபடி கன்ட்ரோலர் செய்து விற்கிற ஒருவர், இருவர் ஆடுவதற்கான இரண்டு மாடல்களை இணையத்தில் ஒப்பிட்டிருந்தார். தனித்தனிப் பெட்டிகள் என்றால் வசதி. ஒரே பலகையில் இரண்டு ஜாய்ஸ்டிக் என்றால் முழங்கை இடிக்கும். இதைக் குறை என்று எழுதியிருந்தார். எனக்கு அது குறையாகவே படவில்லை. அன்றைக்கே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

2.
டாக்குரியா ஸ்டேஷன் பக்கத்தில், மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு—

(வேண்டாம். கொல்கத்தா என்றால் மழை பெய்தே ஆக வேண்டுமா? வெயில்தான்.)

டாக்குரியாவில் வாடகை வீட்டின் முன்னறையில் கிரீஷ் கேம் கன்ட்ரோலர் செய்து விற்கும் கடை வைத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை காலை மணி அடித்தது. கதவைத் திறந்தால், கிடர்பூர் துறைமுகத்தில் அதிகாரியாக இருக்கும் வீரராகவன், அவனுடைய அண்ணன். இருவரும் பேசி இரண்டு வருஷம் ஆகிறது.

"வாங்கோ தாதா, என்ன பாக்கறேள்?" என்றான் கிரீஷ். வங்காளிகளுக்குத் தாதா என்றால் அண்ணன். இந்த ஊரில் கடைக்கு வரும் ஆண்கள் எல்லோருமே தாதாதான். ஆனால் சொந்த அண்ணனை அப்படிக் கூப்பிட நெஞ்சழுத்தம் வேண்டும்.

3.
[சண்டைக்குக் காரணம் சொல்லாமல் நழுவப் பார்த்தேன். விடமாட்டீர்கள்.]

கிரீஷ் பேங்க் வேலையை விட்டு இதில் இறங்கிய பிறகும், வீரராகவன் சொந்தக்காரர்களிடம் "பேங்க்லதான் இருக்கான்" என்றே சொல்லிவந்தார். ஒரு கல்யாணத்தில் கிரீஷ் பக்கத்தில் நிற்கும்போதே சொன்னார். திட்டியிருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பான். தன்னை மறைத்ததுதான் அவனுக்கு ஆறவில்லை.

வீரராகவனை வில்லனாக்கத்தான் நினைத்திருந்தேன். மனிதர் செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு வந்து, ஒவ்வொரு பட்டனாக மெல்ல அமுக்கிப் பார்த்தார். எனக்கு மனசு இளகிவிட்டது.

4.
"ரெண்டு பேர் ஆடணும்" என்றார்.

"தனித்தனியா வாங்கிக்கோங்கோ. சோபால ஒருத்தர், கட்டில்ல ஒருத்தர்னு ஆடலாம். சேர்ந்த பலகைன்னா முழங்கை இடிக்கும்."

"இடிக்கட்டும். சேர்ந்ததே குடுங்கோ."

அண்ணன் தம்பிக்குக் கொடுத்த மரியாதையைப் பாருங்கள்.

கிரீஷ் பென்சிலை எடுத்து, பலகையில் ஓட்டை போட வேண்டிய இடங்களைக் குறிக்கத் தொடங்கினான். கை மாறினால் ஜாய்ஸ்டிக்கும் பக்கம் மாறும் என்பதால், எல்லோரிடமும் கேட்பதைக் கேட்டான்.

"முதல் ஆள் வலது கையா?"

"ஆமாம். நான்தான்."

"ரெண்டாவது ஆள்?"

வீரராகவன் பலகையைப் பார்த்தபடி சொன்னார்: "இடது கை."

5.
கிரீஷ் இடதுகைக்காரன். இதை மேலே எங்கேயாவது சொல்லியிருக்க வேண்டும். சத்தியமாக, அவர் சொல்லும்வரை எனக்கே தெரியாது. இப்போது பார்த்தால் பென்சில் அவனுடைய இடது கையில்தான் இருக்கிறது. அது நகரவில்லை.

முடிவு மூன்று எழுதினேன். முதலாவதில் கிரீஷ் அழுகிறான். அவன் அழுகிற ரகம் இல்லை, அடித்துவிட்டேன். இரண்டாவதில், "அடுத்த வாரம் ரெடியாயிடும், தாதா" என்கிறான். அதையும் அடித்தேன், ஆனால் கோடு அழுத்தமாக விழவில்லை. மூன்றாவதில் அவன் பலகையைத் தள்ளி வைத்துவிட்டு—

இல்லை. அவன் என்ன சொல்ல வேண்டும் என்பதை நீங்களே சொல்லுங்கள். உங்களுக்கும் கூடப்பிறந்தவர் யாராவது இருப்பார்கள். ஒன்று மட்டும்: வீரராகவனுக்கு மூட்டுவலி. ரொம்ப நேரம் நிற்க வைக்காதீர்கள்.