சீட்டாடப் போன கை

“இன்னைக்கு ஒரு நாள் உங்க கையைப் போக விடாதீங்கப்பா.”

அந்த வீட்டில் கேட்கவே கூடாது என்று சொல்லி வைத்திருந்ததை மகள் கேட்டுவிட்டாள். தையல்காரரின் வலது கை சில வருடங்களாகவே பொழுது சாய்ந்ததும் மணிக்கட்டில் கழன்று, ஜன்னல் வழியாக இறங்கி, சீட்டாட்ட மன்றத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. ரத்தம் வராது, வலியும் கிடையாது. பித்தான் தெறிப்பது போல ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மதில் மேல் ஐந்து விரலால் நடந்து, தெருமுனையில் வண்டிகளுக்கு நின்று, பார்த்துப் பதவிசாகப் போகும். தையல்காரர் வீட்டிலேயே உட்கார்ந்து டிவி பார்ப்பார். தான் மன்றத்து வாசலை மிதித்தே வருடக்கணக்காகிறது என்று யாரிடமும் தலை நிமிர்ந்து சொல்வார். அது உண்மைதான்.

அதற்கு முன்பு அவர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆடுவார். தோற்றால் வெட்கம் பிடுங்கித் தின்னும், கொஞ்ச நாள் அந்தப் பக்கமே போகமாட்டார். பிறகு ஒரு டாக்டர் ஊர் மண்டபத்துக்கு வந்து, மூளையின் படத்தைக் காட்டி, சூதாட்டம் சிலருக்கு நோயாகிவிடும், அவர்களைத் திட்டிப் பயனில்லை, சிகிச்சை இருக்கிறது, வாருங்கள் என்று பேசினார். நல்ல மனிதர். கூட்டம் நோயை மட்டும் எடுத்துக்கொண்டு, சிகிச்சையை நாற்காலியிலேயே விட்டுவிட்டு எழுந்து போனது. அந்த வாரமே இறைச்சிக்கடைக்காரரின் கை கழன்றது. அடுத்தடுத்து ஆண்களுக்கெல்லாம் கழன்றது. கழலாதவர்கள் கூச்சத்தில் கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு நடந்தார்கள். “உனக்கு இன்னும் கழலலையா மாப்ள? நல்லா ஆட்டிப் பாரு” என்று டீக்கடையில் விசாரித்தார்கள். மன்றம் வாசலில் விரல் துடைக்க மிதியடி போட்டது, விடிய விடியத் திறந்து வைத்தது. நோயாளிகளை வெளியே நிறுத்த முடியுமா? பஸ் டிரைவர் ஒருவர் மட்டும் டாக்டர் வந்த அன்று டியூட்டியில் இருந்ததால் பேச்சைக் கேட்கவில்லை. அவர் இன்றும் ஞாயிறு ஆடித் தோற்று, தன்னைத்தானே திட்டிக்கொண்டு, இரண்டு கைகளோடு வீடு திரும்புகிறார். விழிப்புணர்வு இல்லாத மனுஷன் என்று ஊரே அவருக்காகப் பரிதாபப்படுகிறது. பெண்களில் எவருக்கும் கை கழலவில்லை. கழுவப் பாத்திரம் கிடந்தது.

காலையில் கையைக் கூட்டி வருவது மகளின் வேலை. அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் என்பதால் வீட்டில் அவள் பெயரே டிகிரி. காய்கறிப் பையில் போட்டு எடுத்து வந்து, சோப்புப் போட்டுக் கழுவி, அப்பாவின் மணிக்கட்டில் பொருத்துவாள். தூக்கக் கலக்கத்தில் அது துணியைக் கோணலாக வெட்டும். அம்மா நேராக்குவாள். அம்மாவின் தையல் மிஷினையும் அந்தக் கை தோற்றுவிட்டு வந்தபோது, “கைக்கு என்னடி தெரியும், பாவம்” என்று சொல்லி அவள் ஊசியை எடுத்துக்கொண்டாள். டிகிரிக்கு வெளியூரில் வேலை கிடைத்தது. “நீ போயிட்டா கையை யாருடி கூட்டிட்டு வர்றது?” என்றாள் வீட்டோடு இருந்த அத்தை. “இது ரத்தத்துலயே இருக்கு. உனக்கும் ஒருநாள் கழலும், எங்க கண்ணு முன்னாடி இரு.” டிகிரி கிட்டத்தட்ட ஊரிலேயே தங்கிவிடத்தான் இருந்தாள். ஆனால் வெள்ளையடிக்க மன்றத்தை மூடியிருந்த ஒரு மாலை, கை கழலவில்லை. சாவகாசமாக ஒரு ஆரஞ்சை உரித்து அப்பாவுக்கு ஊட்டியது. அதை அவள் பார்த்தாள். அதனால்தான் இன்று கேட்டுவிட்டாள்.

“வெள்ளையடிச்ச அன்னைக்கு வியாதிக்கு லீவாப்பா?”

அம்மா வாயில் விரல் வைத்தாள். அத்தை எழுந்தேவிட்டாள். “படிச்ச திமிரு! கால் உடைஞ்சவனைப் பார்த்து ஓடுன்னு சொல்லுவியா நீ?”

“கட்டு போட வாங்கன்னு சொல்லுவேன் அத்தை. டாக்டர்கிட்ட போலாம்ப்பா, இப்பவே. நானே கூட வரேன்.”

தையல்காரர் கையைப் பார்த்தார். கை சுவர்க் கடிகாரத்தின் பக்கம் திரும்பியது.

“நான் என்னம்மா பண்றது? நான் வீட்டுலதானே இருக்கேன்” என்றார்.

டக்.

“பாத்தியா, நீ கேட்டதாலதான்” என்றாள் அம்மா.

டிகிரி காய்கறிப் பையை மடித்து அத்தையின் கையில் வைத்தாள். செருப்பை மாட்டினாள். பெட்டியை மதியமே பஸ் நிலையத்துக் கடையில் கொடுத்து வைத்திருந்தாள். அப்பா சரியென்றிருந்தாலும் டாக்டரிடம் விட்டுவிட்டு அப்படியே பஸ் ஏறியிருப்பாள். தெருமுனை வரை கை மதில் மேல் கூடவே வந்தது. அங்கே இரண்டு பக்கமும் பார்த்து, ஒரு லாரிக்கு வழிவிட்டு, யார் துணையும் இல்லாமல் சாலையைக் கடந்து மன்றத்துப் பக்கம் திரும்பியது. அவள் பஸ் நிலையத்துப் பக்கம் திரும்பினாள்.