சின்னதையாவது

"அந்தக் கால் ஆடும், அதைப் பிடிக்காதீங்க" என்று அவள் சொல்லி வாய் மூடவில்லை, கணவன் சரியாக அந்தக் காலையே பிடித்து இழுத்துவிட்டான். மேசை சாய்ந்தது. மேலே இருந்த டப்பா கவிழ்ந்து விதைகள் கூடம் முழுக்கச் சிதறின. காற்றடிக்கிற மாதங்களில் பிள்ளைகள் இரண்டும் தெருத்தெருவாகப் பொறுக்கி வந்து, பத்துப் பத்தாக நூலில் கட்டி வைத்தவை. பெருக்கல் வாய்ப்பாடு மொத்தமும் அந்த டப்பாவுக்குள்தான் இருந்தது.

"அப்புறம் பொறுக்கிக்கலாம், விடு. வண்டிக்காரர் ரெண்டு தடவை ஹாரன் அடிச்சிட்டார்."

வாசலில் வண்டி நின்றது. வண்டிக்குள் மாமனார். நேற்றுச் சாயங்காலம் ஆஸ்பத்திரியில் உயிர் போனது. ராத்திரி ஓரத்து அறை ஒன்றில் வைத்திருந்து, விடிந்ததும் காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பியிருக்கிறார்கள். அவரைக் கிடத்த இந்த வீட்டில் கூடத்தை விட்டால் இடமில்லை. கூடமோ நான்கு வருடமாகப் பள்ளிக்கூடம்.

அதற்குள் நாத்தனார் சுவரில் கை வைத்துவிட்டாள். மழைக்கு ஒரு தாள், பனிக்கு ஒரு தாள், வெயிலுக்கு, காற்றுக்கு என்று நான்கு பெரிய தாள்கள். மொட்டைமாடித் தகர டப்பாவில் பெய்த மழையை அளந்து எழுதிய வரிசை ஒன்றில். பனிமூட்டத்தில் ஜன்னலிலிருந்து எத்தனை விளக்குக்கம்பம் தெரிகிறது, எத்தனை தெரியவில்லை என்ற கழித்தல் கணக்கு இன்னொன்றில். சரக் சரக்கென்று கிழித்துச் சுருட்டிக்கொண்டிருந்தாள் நாத்தனார்.

"சுவர் என்ன பண்ணுச்சு அண்ணி? அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகுது."

"நாலு பேர் வந்து போற இடம்மா. சாவு வீடு சாவு வீடு மாதிரி இருக்க வேணாமா? இனிமே இதுக்கெல்லாம் என்ன வேலை?"

இனிமே! அந்த ஒரு வார்த்தையில் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அதாவது, விஷயம் அதற்குள் நாத்தனார் காதுக்கும் போயாகிவிட்டது.

விஷயம் இதுதான். நேற்று மதியம், மூச்சு வாங்க வாங்க, மாமனார் மகன் கையைப் பிடித்துக்கொண்டு, "சின்னதையாவது பள்ளிக்கூடத்துல சேர்த்துடுடா" என்றிருக்கிறார். இந்த மனுஷனும் "சரிப்பா" என்று தலையாட்டியிருக்கிறான். அவ்வளவுதான், அதற்கப்புறம் அவர் பேசவே இல்லை. நான்கு வருடம் வாய் ஓயாமல் பேசியவர், கடைசி மூச்சையும் அதற்கே செலவழித்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். உயிரோடு இருக்கும் ஆளோடு மல்லுக்கட்டலாம். செத்தவரிடம் என்னவென்று போய்ச் சண்டை போடுவது?

சண்டை என்றால் சாதாரணச் சண்டையா! பெரியவன் ஐந்து வயதில் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது, மணி அடிக்கும்வரை எழுந்திருக்கக் கூடாது என்று டீச்சர் உட்கார வைத்ததில், பிள்ளை டவுசரிலேயே போய்விட்டான். ஈரத்தோடு மத்தியானம்வரை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். அன்றைக்கே கையைப் பிடித்துக் கூட்டி வந்தவள்தான், திரும்ப அனுப்பவில்லை. அவளுக்கு வேலை அச்சகத்தில் பிழை திருத்துவது. மூன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் ஒன்றில் மட்டும் பதினேழு தப்பு பிடித்தவள். இந்தப் புத்தகத்துக்கு மழையும் வெயிலும் மேல் என்று முடிவு கட்டி, தாள்களை வீட்டுக்கே வாங்கி வந்து திருத்திக்கொண்டு, பிள்ளைகளையும் வைத்துக்கொண்டாள்.

மாமனார் ஆலையில் ஷிப்டுக்குச் சங்கு ஊதியவர். முப்பத்திரண்டு வருடம், ஒரு நிமிஷம் பிசகியதில்லை. நேரத்துக்குச் சத்தம் கேட்காத எதுவும் அவருக்கு வேலை இல்லை.

"மழை வந்தா கணக்கு, வெயில் வந்தா அறிவியல். மேகமூட்டமா இருந்தா என்னம்மா, லீவா?"

"உங்களுக்கு வேணும்னா லீவு எடுத்துக்குங்க மாமா."

"நான் ரிட்டயர்டு. எனக்கு ஏது லீவு?"

தினமும் ஒன்பது மணிக்குத் தட்டில் கரண்டியால் நாலு தட்டு தட்டி, "பள்ளிக்கூடம் திறந்தாச்சேய்!" என்று கத்துவார். கேலிதான், சந்தேகமே இல்லை. சின்னவள், வீட்டில் வாலு என்று பெயர், கிண்ணத்துச் சோற்றைப் போட்டுவிட்டு ஓடிவந்து சுவரோரம் வரிசையில் நிற்பாள். ஒரே ஒரு ஆள் வரிசை. கிழவருக்குச் சிரிப்பு தாங்காது. அடுப்படியில் நிற்கிற அம்மாக்காரிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வாலுவுக்கு ஆறரை வயதாகியும் இன்னும் எழுத்துக் கூட்டத்தான் வருகிறது. அதுதான் அவருக்குக் கிடைத்த பிடி. "பேத்தி எனக்குப் பேப்பர் படிச்சுக் காட்டட்டும், அன்னிக்கு என் வாயைத் தைச்சுக்கறேன்" என்று சவால் விட்டிருந்தார். இந்தப் பனிக்காலத்துக்குள் படிக்க வைத்துவிடலாம் என்று அவள் கறுவிக்கொண்டு இருந்தாள். நேற்றுச் சாயங்காலம் செய்தி வந்தபோது அவளுக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. 'இன்னும் ரெண்டு மாசம் இருந்திருக்கக் கூடாதா' என்ற ஆத்திரம். தோற்காமலே போய்விட்டாரே!

எட்டரைக்கு அவரைக் கூடத்தில் கிடத்தினார்கள். அக்கம்பக்கம் வந்தது. ஆலையில் கூட வேலை பார்த்தவர்கள் நாலைந்து பேர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். நாத்தனார் தலைமாட்டில் உட்கார்ந்து, வந்தவர்களிடமெல்லாம் கடைசி வார்த்தையைச் சொல்லி அழுதாள். உண்மையான அழுகைதான். அதனாலேயே அதை நிறுத்தச் சொல்ல முடியவில்லை.

"எந்த கிளாஸ்மா படிக்கறே?" என்று யாரோ வாலுவைக் கேட்டார்கள்.

"மழை" என்றாள் வாலு.

கேட்டவர் திருதிருவென்று விழித்தார். அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. டம்ளர்களைக் கழுவுவதற்கு என்று அடுப்படிக்குப் போய்விட்டாள். மூன்றாவது டம்ளரைக் கவிழ்க்கும்போது கூடத்திலிருந்து நாத்தனாரின் கூச்சல் கேட்டது.

"ஐயோ, என்னடா பண்றே! அப்பா மேல என்னடா அது!"

ஓடிப்போய்ப் பார்த்தாள். பெரியவன் தாத்தாவின் பக்கத்தில் மண்டியிட்டிருந்தான். ஜன்னலோரம் தொங்கும் தெர்மாமீட்டரைக் கழற்றி வந்து, தாத்தாவின் உள்ளங்கையில் வைத்து, அந்த விரல்களைத் தன் கையால் மூடிப் பிடித்திருந்தான். மடியில் மழை நோட்டு திறந்திருந்தது. மணி ஒன்பது. தினமும் ஒன்பது மணிக்கு வாசல், கூடம், வாளித் தண்ணீர் மூன்றையும் அளந்து எழுதுவது வழக்கம். நான்கு வருடத்தில் ஒரு நாள் விட்டதில்லை. காய்ச்சலாக இருந்தாலும் எழுதணும் என்று பழக்கியவள் அவள்தான்.

"வாசல் இருபத்திமூணு, கூடம் இருபத்திமூணு" என்றான் அவளைப் பார்த்து. "தாத்தாவும் இருபத்திமூணும்மா."

ஆலையிலிருந்து வந்தவர்களில் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இதுதான் நீ சொல்லிக்குடுத்த படிப்பா?" என்றாள் நாத்தனார். குரலைத் தாழ்த்தித்தான் கேட்டாள். கத்தியிருந்தால் தேவலை. "சொந்தத் தாத்தா செத்துக் கிடக்காரு. அதை எழுதறான் நோட்டுல."

அவன் செய்தது தப்பில்லை என்று அவளுக்குத் தெரியும். தப்பு என்றும் தெரியும். நாலு பேர் முன்னால் பிள்ளை முதுகில் ஒன்று வைத்தால் எல்லோருக்கும் நிம்மதியாகிவிடும். கை எழும்பவில்லை. பெரியவன் நோட்டில் இருபத்துமூன்று என்று எழுதி, கோடு போட்டு, அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "அப்ப தாத்தா இனிமே கூடம் மாதிரிதானாம்மா?" என்று கேட்டான். கேட்டவுடன் அவனுக்கே உறைத்து, வாய் கோணி, உடம்பு குலுங்க அழ ஆரம்பித்தான். அவள் அவனை இழுத்து இடுப்போடு சேர்த்துக்கொண்டாள். தெர்மாமீட்டரை எடுக்கக் குனிந்தபோது மாமனாரின் கை அவள் விரலில் பட்டது. எதற்கு இப்படிப் பிடிவாதம் பிடித்தீர்கள் என்று அந்தக் கையை உலுக்கிக் கேட்க வேண்டும் போல இருந்தது.

நாத்தனார் அவள் பின்னாலேயே அடுப்படிக்கு வந்தாள்.

"நான் கெட்டவ இல்லம்மா. எங்க தெருவுக்குப் பின்னாடி இருக்கற பள்ளிக்கூடத்து ஹெட்மிஸ்ட்ரஸ் எங்கிட்டதான் ரவிக்கை தைக்கக் குடுப்பாங்க. திங்கட்கிழமை நானே சின்னதைக் கூட்டிட்டுப் போறேன். அப்பா கடைசியா கேட்டது அது ஒண்ணுதான்."

"ஏன் அண்ணி சின்னதை மட்டும்? ரெண்டு பேரையும் கேட்டிருக்கலாமே அவரு."

"பெரியவன் உங்கிட்ட ஊறிட்டான். சின்னதையாவது காப்பாத்தலாம்னு நினைச்சிருப்பாரு."

காப்பாற்றுவதாம்! டம்ளரைத் தரையில் ஓங்கி அடிக்கத் தோன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டு கழுவினாள். அந்தக் கிழவரின் கெட்டிக்காரத்தனம் அவளுக்குப் புரிந்துவிட்டது. முழுசாகக் கேட்டால் கிடைக்காது என்று பாதியைக் கேட்டிருக்கிறார். செத்தும் பேரத்தை விடவில்லை.

மதியம் எடுத்தார்கள். முந்தின நாள் மழையில் மயானத்துப் பாதை சேறாகிக் கிடந்தது. எல்லோரும் வழுக்கி வழுக்கி நடந்தார்கள். வாலு மட்டும் ஒரு இடத்தில் நின்று, பின்னால் வரும் கூட்டத்தை ஒவ்வொருவராக விரல் விட்டு எண்ணினாள். எண்ணி முடித்து, "இத்தனை பேரா!" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். நாத்தனார் பார்த்துவிடப் போகிறாளே என்று அவள் மகளின் விரல்களை மடக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

வீடு திரும்பும்போது நாலு மணி. உறவெல்லாம் கலைந்து, நாத்தனாரும் அழுது ஓய்ந்து உள்ளே படுத்துவிட்டாள். கொல்லைப்புறம் கணவன் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தான். லிஃப்ட் மெக்கானிக். மாட்டிக்கொண்ட ஆட்களிடம் 'பயப்படாதீங்க, இதோ ஆச்சு' என்று தினமும் சொல்லிப் பழகியவன். யாரோடும் சண்டை வராமல் பேசத் தெரியும், அவ்வளவுதான் தெரியும். அவளால் இதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? சரிப்பான்னு எப்படி நீங்க சொல்லலாம்?"

"போற உசுருகிட்ட முடியாதுன்னா சொல்வாங்க?"

"அப்ப திங்கட்கிழமை உங்க அக்கா கூட்டிட்டுப் போவாங்க. நான் பார்த்துட்டு நிக்கணும்."

அவன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் நின்றான். துண்டை எடுத்தபோது கண் சிவந்திருந்தது.

"வேணாம். அக்காகிட்ட நான் பேசிக்கறேன். அவர் மனசு நோகக் கூடாதுன்னு சொன்னேன், அதோட முடிஞ்சது. நம்ம பிள்ளைங்க, நம்ம இஷ்டம். நீ எப்பவும் போல நடத்து."

ஜெயித்துவிட்டாள். நான்கு வருடத்தில் முதல் முறையாக அவன் வாயால் அப்படி ஒரு வார்த்தை. அவன் உள்ளே போன பிறகும் அவள் குழாயடியில் நின்றுகொண்டிருந்தாள். சந்தோஷம் வரும் என்று பார்த்தாள். களைப்புதான் வந்தது.

"அம்மா."

கதவுக்குப் பின்னால் வாலு. முழங்கால்வரை சேறு. எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ.

"இப்படியேவா வீட்டுக்குள்ள நடந்தே? வா இங்க."

துவைக்கிற கல்லில் உட்கார வைத்து, குழாயைத் திறந்து, ஒரு காலைப் பிடித்துக்கொண்டாள். காய்ந்த சேறு லேசில் கரையவில்லை.

"அப்ப நான் போக வேண்டாமா?" என்றாள் வாலு.

"எங்க?"

"பள்ளிக்கூடத்துக்கு."

"வேண்டாம். யாரும் உன்னை அனுப்ப மாட்டாங்க, பயப்படாதே."

வாலு ஓடும் தண்ணீரில் கால் விரல்களை மடக்கினாள்.

"நான்தாம்மா தாத்தாகிட்ட சொல்லச் சொன்னேன்."

அவள் கை நின்றது. "என்ன சொல்லச் சொன்னே?"

"என்னைச் சேர்க்கச் சொல்லி. அப்பாகிட்ட." குழந்தை அவசர அவசரமாகச் சொன்னது, நிறுத்தினால் சொல்ல முடியாமல் போய்விடும் என்பதுபோல. "இங்க எல்லாத்துக்கும் அண்ணனே பதில் சொல்லிடறான். நான் யோசிக்கறதுக்குள்ள சொல்லிடறான். அங்க போனா பக்கத்துல உக்கார ஆள் இருக்கும். என்னை மாதிரி தெரியாத ஆளு."

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"நீ அழுவே."

"நான் எப்ப அழுதேன்?"

"அண்ணன் டவுசர்ல போனதைச் சொல்றப்பல்லாம் அழறியே."

உள்ளே நாத்தனார் தூக்கத்தில் விசும்புவது கேட்டது.

"தாத்தா என்ன சொன்னாரு?"

"நான் கேட்டேன்னு சொல்ல மாட்டேன்னாரு. தானே கேக்கற மாதிரி கேக்கறேன்னாரு. உங்கம்மா திட்டறதுக்குத்தான் நான் ஒருத்தன் இருக்கேனேன்னாரு."

குழாய்த் தண்ணீர் அவள் கை மேல் விழுந்து வழிந்துகொண்டே இருந்தது.

"கோபமாம்மா?"

அவள் கட்டை விரலை விட்டு, சின்ன விரல்களுக்கு இடையில் ஒட்டியிருந்த சேற்றை ஒவ்வொன்றாக எடுத்தாள். குதிகாலைத் தேய்த்தாள். கறுப்பாக ஓடிய தண்ணீர் மெல்லத் தெளிந்தது. காலைத் தன் புடவையில் ஒற்றித் துடைத்து, கல்லின் மேல் எடுத்து வைத்தாள்.

"அந்தக் காலை நீட்டு" என்றாள்.