பதினான்கு மாடுள்ள வீட்டில் எண்ணெய்

பிப்ரவரியில் விறகு அடுக்கிக்கொண்டிருந்த என் மகன் ஓஸ்மோ நெஞ்சைப் பிடித்தபடி பனியில் உட்கார்ந்துவிட்டான். அவனுக்கு வயது நாற்பத்திரண்டு. என் தம்பி போனது நாற்பத்தேழு வயதில்; அப்பா ஐம்பதைப் பார்க்கவில்லை. எங்கள் கொர்பெலா வீட்டு ஆண்கள் நோயில் படுக்கமாட்டார்கள், வேலையில்தான் விழுவார்கள் என்று வட கரேலியா மாகாணத்தின் இந்தப் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. அதை நானும் பெருமையாகவே சொல்லி வந்தேன்.

ஓஸ்மோ விழுந்தான், சாகவில்லை. மூன்று வாரம் மருத்துவமனையில் இருந்தான். ஊரில் கேட்டவர்களிடம் பனியில் வழுக்கி முதுகில் அடி என்று சொன்னேன். நெஞ்சு பலவீனமான வீடு என்று பெயர் வந்துவிட்டால், நாளைக்கு என் பேத்தியைப் பெண் கேட்டு யார் வருவார்கள்?

மார்ச்சில் சுகாதார நிலையத்து நர்ஸ் சைமி வந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. சூரியகாந்தி எண்ணெய்ப் புட்டி ஒன்றையும் அச்சடித்த தாள் ஒன்றையும் மேசைமேல் வைத்தாள். பன்னிறைவுறாக் கொழுப்பு அமிலங்கள் என்று தாளில் போட்டிருந்தது. மூன்று முறை படித்தும் எனக்கு எரிச்சல்தான் மிஞ்சியது.

"இது ரத்தத்துல இருக்கிற கொலஸ்டிராலைக் குறைக்கும் ஐயா. வெண்ணெய் அதை ஏத்தும். வெண்ணெய் இருந்த இடத்துல இனிமே இதுதான்" என்றாள்.

எனக்குக் காது நன்றாகவே கேட்கும். அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டேன். ஆனால் அந்தப் பேச்சு மாடில்லாத வீடுகளுக்கானது என்று நினைத்தேன். எண்ணெய் வாங்கினால் வெண்ணெய் வாங்க முடியாதவர்களிடம் அப்படித்தானே சொல்வார்கள்? எங்கள் தொழுவத்தில் பதினான்கு மாடுகள். நாங்கள் எதற்கு ஒன்றை விட்டு ஒன்றைப் பிடிக்க வேண்டும்? மருந்து என்றால் மருந்தாகக் கொடுப்போம், அதையும் குறைவில்லாமல் கொடுப்போம்.

நர்ஸ் ஒரு கரண்டி சொன்னால் நான் இரண்டு கொடுத்தேன். தினமும் காலையில் எதிரே நின்று ஓஸ்மோவைக் குடிக்கவைத்தேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தான். வாயில் எண்ணெய்ப் பிசுக்குப் போக, ரை தானியக் கறுப்பு ரொட்டியில் விரல் கனத்துக்கு நானே வெண்ணெய் தடவிக் கொடுத்தேன்.

மருமகள் இர்மெலி ஒருநாள் வெண்ணெய்த் தட்டை எடுத்து உள்ளே வைத்தாள். நான் திரும்ப எடுத்து வந்து மேசைமேல் வைத்தேன்.

"மாமா, நர்ஸம்மா என்ன சொன்னாங்க?"

"அவ சொன்னதைத்தான் செய்றேன். ரெண்டு மடங்கா செய்றேன்."

அவள் பதில் பேசவில்லை. இந்தப் பக்கத்துப் பெண்கள் பேசாமல் இருந்தால் சம்மதம் என்று அர்த்தமில்லை. அதுவும் எனக்குத் தெரியும்.

மே மாதம் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பிப்ரவரியில் கொலஸ்டிரால் முந்நூற்று இருபது. இப்போது முந்நூற்று நாற்பத்தைந்து. எனக்கு ரத்தம் கொதித்தது. தேவாலயத்துக்குப் போடும் கருப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு, மகனையும் மருமகளையும் கூட்டிக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போனேன். கதவைச் சாத்திவிட்டு, ரத்தப் பரிசோதனைத் தாளைச் சைமியின் முன்னால் போட்டேன்.

"உன் எண்ணெய் என் மகனைக் கொல்லுது. ரெண்டு மாசமா குடிக்கிறான். ஏறித்தான் இருக்கு."

சைமி என்னைப் பார்க்கவில்லை. "ஓஸ்மோ, நேத்து காலையில இருந்து என்னென்ன சாப்பிட்டீங்க?"

ஓஸ்மோ தரையைப் பார்த்தான். இர்மெலிதான் பேசினாள். இருபது வருடத்தில் என் முன்னால் அவள் அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை.

"காலையில எண்ணெய் ரெண்டு கரண்டி. அப்புறம் வெண்ணெய் தடவின ரொட்டி நாலு. காப்பியில பாலாடை. மத்தியானம் பன்றிக்கறி, உருளைக்கிழங்கு, அதுமேல உருக்கின வெண்ணெய். ராத்திரிக் கஞ்சி நடுவுல வெண்ணெய்க் கட்டி. நான் எடுத்து வெப்பேன். மாமா திரும்ப எடுத்துட்டு வருவாரு."

"அடுப்புல விறகையும் போட்டுக்கிட்டு தண்ணியையும் ஊத்துறீங்களா ஐயா?" என்றாள் சைமி. "எண்ணெய் மருந்து இல்ல. அது வெண்ணெய்யோட இடத்துக்கு வர்ற சாப்பாடு. வெண்ணெய் போகலேன்னா இதுவும் கொழுப்போட கொழுப்பாச் சேர்ந்துக்கும்."

என் பேத்தி வயதுக்குச் சற்றுக் கூடுதலான ஒருத்தி என்னைப் பார்த்து இதைச் சொன்னாள். எழுந்து போய்விடலாம் என்று தோன்றியது. ஓஸ்மோவின் சட்டைக் காலர் கழுத்துக்குப் பெரிதாகிவிட்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். உட்கார்ந்தே இருந்தேன்.

மறுநாள் வெண்ணெய் கடையாமல் பாலாடை முழுவதையும் பால் பண்ணை வண்டியில் ஏற்றினேன். மகன் ஒன்று தின்ன, அதே மேசையில் அப்பன் வேறொன்று தின்பது எங்கள் வழக்கமில்லை. நானும் எண்ணெயில் பொரித்த மீனைத் தின்றேன். வாய்க்கு விளங்கவில்லை. இன்றும் விளங்கவில்லை.

ஜூலையில் மாட்டுத் தீவனப் புல் அறுப்புக்கு அக்கம்பக்கத்து ஆட்கள் எட்டுப் பேர் கைகொடுக்க வந்தார்கள். கூலி கிடையாது, சாப்பாடுதான். மேசையில் வெண்ணெய் எவ்வளவு உயரம் நிற்கிறது என்பதை வைத்துத்தான் வீட்டை எடை போடுவார்கள்.

"வந்தவங்களுக்கு மட்டும் வெண்ணெய் வெக்கட்டுமா மாமா?" என்று இர்மெலி கேட்டாள்.

வைத்தால் எங்கள் வீட்டு ஆண்கள்தான் முதலில் எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். கேட்கக்கூடாது என்பதற்காகவே ஓஸ்மோ தின்பான். என் மகனை எனக்குத் தெரியும், அவனை வளர்த்தவன் நான்.

"வேண்டாம்" என்றேன்.

பக்கத்து நிலத்து ஹெய்மோ ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு மேசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தான்.

"என்ன பெரியவரே, மாடெல்லாம் வத்திப்போச்சா? இல்ல, முதுகு வைத்தியத்துக்கு மாட்டை வித்துட்டீங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். வெண்ணெயைப் பண்ணைக்குக் கொடுத்துவிட்டோம் என்று சொல்லியிருந்தால் போதும். ஓஸ்மோ என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாடு நல்லாத்தான் கறக்குது. அவனுக்கு முதுகுல ஒண்ணும் இல்ல. நெஞ்சு. என் தம்பிக்கும் அதேதான், எங்கப்பாவுக்கும் அதேதான். இந்த மேசையில இனிமே வெண்ணெய் வராது. பிடிக்காதவங்க வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுங்க."

யாரும் எழுந்திருக்கவில்லை. ஹெய்மோ உருளைக்கிழங்குச் சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

ஓஸ்மோ காப்பிகூடக் குடிக்காமல் வயலுக்குப் போய்விட்டான். அன்று பொழுது சாயும்வரை என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஊருக்கு முன்னால் அவனை நோயாளியாக்கிவிட்டேனாம். இர்மெலி வந்து சொன்னாள்.

கோபம்தான். இருக்கட்டும். கோபித்துக்கொள்ள அவன் இருக்கிறானே.