சாமி வரும் இடங்கள்

"12.11.2024, செவ்வாய். இன்று ஹெட்போன் கம்பியை முழுதாகச் செருகாமல் பதிவை ஓடவிட்டேன். குரல் அறைக்கே கேட்டுவிட்டது. சிறிய தவறுதான்."

'சிறிய' என்ற சொல்லை அடித்துவிட்டு, ஸ்டெஃபி பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒண்டிக்கடைப் பகுதியில், ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் நடக்கும் மாலை வகுப்பில் ஒலிப்பதிவு கற்கிறாள். வகுப்பு முடிந்து பஸ் வரும்வரை அன்றைய வேலையை எழுதுவது வழக்கம்.

மஞ்சக்குட்டைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் வேலை செய்யும் தனலட்சுமி, அங்கே கணக்கெழுதும் ரைட்டராக இருப்பவன் குடோனில் தன் கையைப் பிடித்து இழுத்ததை ஸ்டெஃபியின் செல்போனில் சொல்லிப் பதிந்திருந்தாள். ஞாயிறன்று பெண் தொழிலாளர் கூட்டத்தில், அதிகாரிகள் முன்னால் அதைப் போடப்போகிறார்கள். ரைட்டரும் வருவான். பேசியது யார் என்று தெரிந்தால் வேலை போகும், வேலையோடு எஸ்டேட் கொடுத்த லைன் வீடும் போகும். ஆள் தெரியாதபடி குரலை மாற்றித் தருவதாக ஸ்டெஃபி ஒப்புக்கொண்டிருந்தாள். ஒப்புக்கொண்ட நாளிலிருந்தே தன்னால் முடியுமா என்று அவளுக்குச் சந்தேகம்.

இன்று குரலை ஐந்து அரைச்சுரம் கீழே இறக்கினாள். கம்ப்யூட்டர் திரையில், தொண்டையைப் பெரிதாகக் காட்டும் பட்டையையும் நகர்த்தினாள். லேசாகக் கரகரப்பு சேர்த்தாள். கேட்டால் ஆணா பெண்ணா என்றே சொல்ல முடியவில்லை. கொஞ்சம் தைரியம் வந்தது. அப்போதுதான் கம்பி நழுவியது.

"ஏனுங்க ஸ்டெஃபி, பேய்க்கு டப்பிங்கா?" பக்கத்துக் கம்ப்யூட்டரில் இருந்த ஜாபெஸ் சிரித்தான். "ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே வந்து பேசியிருப்பனுங்களே!"

"சும்மா இருங்க ஜாபெஸ்." கம்பியைத் தேடினாள். அதற்குள் அந்தக் கனத்த குரல் அடுத்த வரியைச் சொல்லிவிட்டது.

"'வேண்டாஞ் சாமி, உடு சாமி'ன்னு கையெடுத்துக் கும்புட்டேன்."

ஜாபெஸின் சிரிப்பு நின்றது. அவன் அம்மாவும் அதே எஸ்டேட்டில்தான் காப்பிப்பழம் பறிக்கிறாள்.

"இது தனலட்சுமியக்கா" என்றான் மெதுவாக.

"குரல் தெரியுதுங்களா?"

"குரல் எங்கீங்க தெரியுது? அந்த ரைட்டர எல்லாரும் சாருன்னுதான் கூப்புடுவாங்க. தன் பையன் வயசுன்னு சாமிங்கறது அந்தக்கா ஒருத்திதான். 'அவனென்ன நீ பெத்த புள்ளயா'ன்னு எங்கம்மாகூடத் திட்டும்." குரலைத் தணித்துக்கொண்டான். "நான் வாயத் தொறக்க மாட்டனுங்க. ஆனா ஞாயித்துக்கெழம எஸ்டேட்டே வந்து உக்காந்திருக்கும்."

வகுப்பு முடிந்ததும் ஸ்டெஃபி படியில் இறங்கி நின்றாள். குரலை மாற்றத்தான் இத்தனை பட்டைகள் இருக்கின்றன. கூப்பிடும் விதத்தை எந்தப் பட்டை மாற்றும்? அந்தப் பதிவில் அவளை உலுக்கிய வரியே அதுதான். பிள்ளையைக் கூப்பிடும் சொல்லால் ஒருத்தி கெஞ்சியிருக்கிறாள். அதை வெட்டிவிட்டால் மிச்சம் வெறும் புகார்தான் என்று தோன்றியது. தயங்கித் தயங்கித் தனலட்சுமிக்குப் போன் செய்து, நடந்ததை மறைக்காமல் சொன்னாள்.

தனலட்சுமி முழுவதையும் கேட்டுக்கொண்டாள்.

"அந்த வார்த்தய வெட்டி எடுத்துரு கண்ணு."

"அக்கா, கேக்கறவங்களுக்கு அந்த வார்த்தைதாங்க நொம்ப..."

"என்ற வார்த்த கண்ணு. நாந்தான் எடுக்கச் சொல்றேன். ஊடு போயிருமேன்னு மட்டும் இல்ல. அவனப் போயி அப்படிக் கூப்புட்டமேன்னு நெனச்சா ஒடம்பே கூசுது. அது இன்னொருக்கா அவன் காதுல உழுகக் கூடாது." மூச்சு வாங்கியது. "என்ற பையன் திருப்பூர்லருந்து போன் பண்ணுனா, அவனச் சாமின்னு கூப்புட நாக்கு வர மாட்டேங்குது. தெரியுமா உனக்கு?"

"தெரியாதுங்கக்கா. வெட்டிடறேனுங்க" என்றாள் ஸ்டெஃபி.

பஸ் இன்னும் வரவில்லை. அடித்த சொல்லை அப்படியே விட்டு, அதன் கீழே எழுதினாள்:

"நாளை: முதலில் கம்பியைச் சரிபார்க்க வேண்டும். 'சாமி' வரும் இடங்களையெல்லாம் வெட்ட வேண்டும். அதற்கடுத்த மூச்சை வெட்டக் கூடாது. யாரும் சுரத்தைத் திருப்பி ஏற்றிப் பழைய குரலைக் கண்டுபிடிக்காதபடி வரிக்கு வரி வேறு அளவில் குரலை இறக்க வேண்டும். முடிந்ததும், தனலட்சுமி அக்கா சம்மதித்தால், ஜாபெஸிடம் கொடுத்து ஆள் தெரிகிறதா என்று கேட்க வேண்டும்."