ஜலஜாவின் தலைக்கு ஒரு ஹெட்பேண்ட்

9 அக்டோபர் 2007, செவ்வாய்

இன்று தெரியவந்த தவறு: விசா வாங்கச் சென்னைக்குப் போகிறவளிடம், எந்த வழியாகத் திரும்பி வருவாய் என்று கேட்காமலேயே தலை அளவை எடுத்துவிட்டேன்.

ஜலஜா அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து இருக்கை. இந்த ஊர்ப் போலாரத்திலேயே பிறந்து வளர்ந்தவள். இடுப்பைத் தொடும் கூந்தல். அதை நம்பித்தான் ரோஸ்லின் சாயங்காலம் நடத்தும் தையல் வகுப்பின் போட்டிக்கு, நான் செய்யும் ஹெட்பேண்டை அணிபவளாக அவள் பெயரைக் கொடுத்தேன். இன்று காலை தலையில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். கான்டீனில் அதை எடுத்தாள். மழுமழுவென்று மொட்டை, அதன்மேல் சந்தனம்.

"விசா கெடச்சா முடி குடுக்கறேன்னு அம்மா வேண்டிக்கிட்டாங்க. திருப்பதி வழியிலதானே இருக்கு?"

"அம்மா வேண்டிக்கிட்டா அம்மா முடியைக் குடுக்கறதுதானே?"

"அவங்க முடியை வேண்டிக்கலியே! இப்ப கைக்கு அழறே நீ? தலை இங்கேதான் இருக்கு." ("கைக்கு" என்றால் "எதுக்கு". போலாரத்துத் தமிழ் அப்படி.)

தலை இருக்கிறது. ஆனால் அடர்ந்த கூந்தலுக்கு மேலாக வைத்து அளந்த ஹெட்பேண்ட், நெற்றியில் நிற்காமல் மூக்குக்கு வந்து, மூக்கைத் தாண்டிக் கழுத்துக்கு இறங்கிவிட்டது. "நெக்லஸ் நல்லா இருக்கு" என்றாள்.

இந்த மாதம் வகுப்பில் பழைய பாணி ஹெட்பேண்ட் செய்கிறோம். கறுப்பு வெள்ளைப் படங்களில் வெள்ளைக்காரச் சீமாட்டிகள் அணிந்திருப்பார்களே, அதுபோல. நெற்றியை ஒட்டிப் படியும் அகலமான பட்டு, காதோரம் ஒரு துணிப்பூ, விளிம்பில் பாசிமணி. தீபாவளிக்கு அலுவலக வளாகத்தில் நடக்கும் விற்பனையில் எங்கள் வகுப்புக்கு ஒரே ஒரு மேசைதான் கிடைத்திருக்கிறது. சனிக்கிழமைப் போட்டியில் கடைசிவரை யார் செய்தது தலையிலேயே நிற்கிறதோ, அவளுக்கு அந்த மேசை.

எனக்கு அது வேண்டும். கிடார், ஜெர்மன், யோகா எல்லாவற்றையும் பாதியில் விட்டவள் நான். இந்த வகுப்பைப் பற்றிச் சொன்னபோது அப்பா போனில், "சரிம்மா, அடுத்தது என்ன?" என்று கேட்டார். ஒன்றையாவது மேசைமேல் வைத்துப் பார்க்க வேண்டும்.

வகுப்பில் ரோஸ்லினிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் பாளையங்கோட்டைக்காரி. சிரித்து முடிக்கவே நேரமாயிற்று.

"ஏட்டி, வேற ஆளைப் பாரு. பெயரை மாத்திக்கிடலாம்."

ஜலஜாவுக்குப் போன் செய்தேன். "என்னைத் தூக்கிட்டேன்னா உன் டிபன் பாக்ஸ் பக்கம்கூட வரமாட்டேன்" என்றாள். வேறு யாராவது சொன்னால் அது நல்ல செய்தி. அவள் சொன்னபோது கஷ்டமாக இருந்தது.

11 அக்டோபர், வியாழன்

பட்டையைப் பிரித்து, மொட்டைத் தலையை அளந்து, மறுபடி தைத்தேன். இப்போது மூக்கைத் தாண்டுவதில்லை. மூக்கிலேயே நிற்கிறது.

இறுக்கினேன். ஜலஜா கத்தினாள். "நக்கோ, நக்கோ, வேண்டாம்! மணிக்குப் போட்ட முடிச்செல்லாம் மண்டையில குத்துது!"

தோல் இன்னும் ஆறவில்லை, பாவம். உள்பக்கம் மெத்தென்று ஏதாவது வேண்டும். என்னிடம் இருந்த துணிகளில் மென்மையானது புது டர்க்கி டவல். அதிலிருந்து ஒரு துண்டை வெட்டி உள்ளே வைத்துத் தைத்தேன். பட்டுக்கு உள்ளே டவல்! ரோஸ்லின் பார்த்தால் என்ன சொல்வாளோ. பழைய சீமாட்டிகள் குளித்துவிட்டு அப்படியே விருந்துக்குப் போனதுபோல் இருக்கிறது. வேறு வழி தோன்றவில்லை. போட்டுப் பார்க்கவும் நேரமில்லை. ஜலஜாவுக்கு ஆபீஸ் ஷட்டில் பஸ் வந்துவிட்டது.

13 அக்டோபர், சனி

ரோஸ்லினின் அடுக்ககத்தில், கீழ்த்தளக் கூடத்தில் போட்டி. விதிகள்: நடக்க வேண்டும், குனிந்து தரையைத் தொட வேண்டும், பாட்டுக்கு ஆட வேண்டும். கையைத் தலைக்குக் கொண்டுபோகக் கூடாது.

எனக்குப் பயம் பத்மப்ரியாவைப் பார்த்துத்தான். கோயம்புத்தூர்க்காரி. அவள் தையல் எறும்பு வரிசைபோல் இருக்கும். மரியாதையாகவே வாருவாள்.

"ஏனுங்க மஹதி, உங்க ஃப்ரெண்டுக்கு ஹெட்பேண்ட் எதுக்குங்க? வெயிலுக்குத் தொப்பி தெச்சுக் குடுத்திருக்கலாமுங்களே?"

அவளுடைய ஹெட்பேண்டை அணிந்தவள் சுபாஸ்ரீ. ஷாம்பு போட்டுப் பளபளவென்று விரித்துவிட்ட முடி. நடந்தார்கள், எல்லாருடையதும் தலையிலேயே நின்றது. குனிந்தபோது பாதிப் பேருடையது வழுக்கி விழுந்தது. மிஞ்சியவர்கள் ஆடினார்கள். வழவழப்பான முடியில் சுபாஸ்ரீயின் பட்டை மெல்ல மெல்லப் பின்னால் போய்க் கீழே விழுந்தது. ஜலஜா தலையை உதறி உதறி ஆடினாள். அவளுடையது அசையவே இல்லை. எனக்கே நம்பிக்கை வரவில்லை.

"கோந்துங்க!" என்றாள் பத்மப்ரியா. "ஒட்டியிருக்காங்க. இல்லாட்டி மொட்டைத் தலையில எப்படிங்க நிக்கும்?"

"கோந்து போட்டிருந்தா மேசை கிடையாது" என்றாள் ரோஸ்லின். அவள் பட்டையைப் பிடித்து இழுத்தாள். பர்ரென்று ஒரு சத்தம்.

"கேட்டீங்களா!" என்றாள் பத்மப்ரியா.

ரோஸ்லின் உள்பக்கத்தைத் தடவினாள். ஜலஜாவின் தலையைத் தடவினாள். முடி முள்முள்ளாக முளைக்கத் தொடங்கியிருந்தது. டவலின் நூல் வளையங்களில் அந்த முள்முடி மாட்டிக்கொண்டிருக்கிறது. குழந்தைகளின் ஷூவில் அமுக்கினால் பட்டை ஒட்டிக்கொள்ளுமே, அதுபோல! நான் இதை யோசிக்கவே இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஜலஜா என் காலை மிதித்தாள்.

"கோந்தா இல்லையான்னு இப்பத் தெரிஞ்சிரும்" என்றாள் ரோஸ்லின். சமோசாத் தட்டுடன் அவள் கணவர் சங்கர் அப்போதுதான் உள்ளே வந்தார். சனி ஞாயிறு சவரம் செய்யாதவர். இரண்டு கையிலும் தட்டு. ரோஸ்லின் பூவோடு அந்தப் பட்டையை அவர் கன்னத்தில் அழுத்திவிட்டுக் கையை எடுத்தாள். பட்டு அவர் தாடையிலேயே தொங்கியது. மணிகள் ஆடின.

"என்ன இது?" என்றார் சங்கர்.

"பேசாதீங்க, விழுந்துரும்."

கூடமே சிரித்தது. பத்மப்ரியாவும் சிரித்துவிட்டாள். சங்கரும் ஒரு சமோசா தின்னும் வரைக்கும் அதைக் கழற்றவில்லை. மேசை எனக்கு.

கிளம்பும்போது பத்மப்ரியா என் காதருகே வந்தாள். "சந்தோஷமுங்க. ஆனா தீபாவளிக்கு உங்க மேசைக்கு வர்றவங்க எல்லாம் திருப்பதி போயிட்டா வருவாங்க?"

அதில் நியாயம் இருக்கிறது. பஸ்ஸில் என் தலையிலேயே போட்டுப் பார்த்தேன். நழுவி விழுந்தது. எதிர் இருக்கைக்காரர் எடுத்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் பத்மப்ரியாவுக்குப் போன் செய்து, மேசையில் பாதி இடம் தருகிறேன், தையல் சொல்லித் தருவீர்களா என்று கேட்டேன். "அப்பவே கேட்டிருக்கலாமுங்களே" என்றாள்.

நாளை: டவலைப் பிரித்தெடுக்க வேண்டும். ஜெனரல் பஜாரில், முடியில் நழுவாமல் பிடிக்கச் சின்னச் சீப்புகளும் எலாஸ்டிக்கும் வாங்க வேண்டும். மாலை பத்மப்ரியா வீட்டுக்குப் போய், முடி இருக்கிற தலைக்குத் தைத்துப் பழக, அவள் தலையை அளக்க வேண்டும்.