ஆறு மூடிகள்

என் நாத்தனாரை நான் ஆரம்பத்திலிருந்தே நம்பவில்லை. வீட்டில் உப்பு டப்பாவையே இடம் மாற்றி வைத்து என்னைத் தேடவிடுகிறவள், ஆய்வகத்தில் என்னதான் செய்யமாட்டாள்? அவள் அண்ணன் கெஞ்சினாரே என்று நானே சொல்லி வாங்கிக் கொடுத்த வேலை. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டேன்.

என் வேலை எலும்புச் செல்களைச் சாகடிப்பது. ஆறு தட்டுகளில் வளர்ப்பேன். முதல் மூன்றுக்கு ஒன்றும் கிடையாது. அடுத்த மூன்றுக்கு டி.என்.எஃப் என்கிற மூலக்கூறு. அது செல்லிடம் போய், ‘போதும், செத்துப்போ’ என்று சொல்லும். அந்தச் செல்லும் சும்மா சாகாது. எலும்பைத் தின்கிற செல்களுக்குச் சேதி அனுப்பிவிட்டுத்தான் சாகும். அந்தச் சேதியைப் பிடித்தால் எனக்கு டாக்டர் பட்டம். இல்லையென்றால் ஐந்து வருடமும் பாழ்.

மூன்று தடவை செய்தேன், மூன்று தடவையும் தலைகீழ். சாயம் போட்டால் செத்தவை பச்சையாக மின்ன வேண்டும். சாகச் சொன்னவை கல்லுக்குண்டாட்டம் இருந்தன. சும்மா விட்டவை பச்சைப் பசேலென்று செத்துக் கிடந்தன.

தட்டுகள் இருக்கும் இன்குபேட்டரைத் துடைப்பது நாத்தனார். சாவி எங்கள் இருவரிடம் மட்டும்தான். தட்டுகளின் மூடிகளை மாற்றிப் போட்டாயா என்று கேட்டேன்.

“நான் மூடியத் தொடவே இல்லையே அண்ணி” என்றாள். முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு அதுவே போதுமாயிருந்தது.

நான்காவது தடவை பொறி வைத்தேன். வழக்கமாக வரிசை எண்ணை மூடியில் மட்டும்தான் எழுதுவேன். இம்முறை தட்டின் அடியிலும் பொடியாக எழுதினேன். செவ்வாய்க்கிழமை செல்கள் வளரும் திரவத்தை மாற்றி, கடைசி மூன்றில் டி.என்.எஃப் சேர்த்தேன். புதன்கிழமை அவள் துடைத்தாள். வியாழக்கிழமை தூக்கிப் பார்த்தால், ஒன்றாம் மூடிக்குக் கீழே ஆறாம் தட்டு! இரண்டுக்குக் கீழே ஐந்து! நேராகப் பேராசிரியரிடம் போய்ப் போட்டுக்கொடுத்தேன். மதியமே அவளை வேலையை விட்டு நிறுத்திச் சாவியை வாங்கிவிட்டார்.

“எதுக்கும் கேமராவ ஒரு தடவ பாத்துடுவோம்மா” என்றார் பிறகு.

புதன்கிழமைப் பதிவில் அவள் தட்டுகளை அப்படியே தாம்பாளத்தோடு வெளியே வைத்தாள், துடைத்தாள், திரும்ப வைத்தாள். ஒரு மூடிகூட அசையவில்லை.

அவர் செவ்வாய்க்கிழமையைப் போட்டார். திரையில் நான். ஒன்றிலிருந்து ஆறு வரை மூடிகளைக் கழற்றி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறேன். திரவத்தை மாற்றியதும், மேலேயிருந்து எடுத்து, மறுபடி ஒன்றாம் தட்டிலிருந்து மூடிக்கொண்டு போகிறேன். மேலே இருந்தது ஆறாம் மூடி. நேரம் மிச்சம் பிடிக்க நானே கண்டுபிடித்த வழி.

ஆக, பச்சையாகச் செத்தவை நான் சாகச் சொன்னவைதான்; சோதனை சரியாகத்தான் வந்திருக்கிறது. பட்டம் பிழைத்தது. எனக்கோ வெட்கத்தில் காது எரிந்தது.

நாத்தனார் உடை மாற்றும் அறையில் வெள்ளைக் கோட்டை மடித்துக்கொண்டிருந்தாள். “எல்லாம் என் தப்புதான். மன்னிச்சுடு” என்று, பேராசிரியர் திருப்பிக் கொடுத்த சாவியை நீட்டினேன்.

அவள் வாங்கிக்கொண்டாள். “வேலை போச்சுன்னு அம்மாவுக்கு ஃபோன்ல சொல்லிட்டேன் அண்ணி. யாரு போட்டுக்கொடுத்தாங்கன்னு கேட்டாங்க, தெரியாதுன்னுட்டேன். சாயங்காலம் அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க.”